மனநோயும் மருத்துவமும்: தாமதம் ஏன் கூடாது?

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் இதை ஏற்று டாக்டரிடம் ஓடுகிற நாம், அறிவைக் குழப்பும் நோய் என்றால் மட்டும் தயங்கி நிற்கிறோம். இந்தத் தயக்கத்தால் விளையும் கேட்டைச் சிறிது சிந்திப்போம்.

நோயின் தொடக்கம்

சித்தப் பிரமை பெரும்பாலும் இளவயதில்தான் தலைகாட்டுகிறது. நன்றாகப் படித்து வந்த பிள்ளை இரவெல்லாம் உறங்காமல் உலவுகிறான், குளிக்க மறுக்கிறான், கூட்டாளிகளை விட்டு ஒதுங்குகிறான். பிறகு, யாரும் பேசாதபோதே தன்னை ஏசும் குரல் கேட்கிறது என்கிறான். உம்மா வைத்த சோற்றில் விஷம் இருக்கிறது என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, நடிக்கவுமில்லை. நோய் அவனுக்கு அப்படிக் காட்டுகிறது.

வீட்டார் என்ன செய்கிறார்கள்? ஜின் என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள். தாயத்துக்கும் தகட்டுக்கும் அலைவதிலேயே மாதங்கள் கழிகின்றன. இன்னும் சிலர், நிக்காஹ் முடித்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். இது நோய்க்கு மருந்தல்ல. அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மோசடி.

தாமதத்தின் விலை

நார்வே நாட்டின் ரோகலாந்து பகுதியில் 1997 முதல் 2000 வரை ஒரு முயற்சி நடந்தது. பத்திரிகை, வானொலி, பள்ளிக்கூடங்கள் வழியாக நோயின் அறிகுறிகளை மக்களுக்கு விளக்கினார்கள். அழைத்தால் விரைந்து பார்க்கும் குழுவையும் அமைத்தார்கள். அங்கே நோயாளிகளில் பாதிப் பேர் 5 வாரங்களுக்குள் சிகிச்சைக்கு வந்துவிட்டனர். ஒப்பிட்டுப் பார்த்த மற்றப் பகுதிகளில் அதற்கு 16 வாரங்களாயின. 10 ஆண்டுகளுக்குப் பின் விசாரித்தபோது, முந்திக் கண்டறிந்த பகுதியில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் தேறி வாழ்ந்தனர். மற்றப் பகுதிகளில் சுமார் 15 பேரே. சிகிச்சை முறை ஒன்றுதான். அது தொடங்கிய நேரம்தான் வேறு.

நாள் கடத்தினால் மருந்து மெல்லத்தான் வேலை செய்கிறது. படிப்பும் தொழிலும் உறவும் கைநழுவுகின்றன. தற்கொலை அபாயமும் உண்டு.

நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடுத்துவிட்டது. அதே ஏர்வாடியில் பின்னர் 'தவா–துஆ' என்ற பெயரில் துஆவோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடாயிற்று.

நம் கடமை

அறிவு பேதலித்தவர் தெளியும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது மார்க்கம் தந்த சலுகை. அப்படியிருக்க, அவரை அடிக்கவும் ஏசவும் நமக்கு என்ன உரிமை?

அறிகுறி தெரிந்தவுடன் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு தொலைபேசி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். குர்ஆன் ஓதி துஆச் செய்யுங்கள். ஆனால் அதற்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். சற்றுத் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரமலானில் நோன்பு பற்றி டாக்டரையும் ஆலிமையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நாம் கற்ற வழி. நோயுற்ற நம் மக்கள் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.