பக்க அடுப்பு வைத்த புகைக்கலன்

பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி உள்ள ஸ்மோக்கரில் கறி தணல்மேல் வேகாது. கடந்துபோகும் சூடும் புகையுமே அதை வேக வைக்கும். மலிவானதில் தகடு மெல்லியதாக இருக்கும். நெருப்புப் பெட்டிக்காவது 3 மி.மீ. தகடும், இடுக்கில்லாத மூடியும் தேவை. பட்டறையில் செய்வித்தால் துத்தநாகம் பூசிய தகடும் ரசாயனம் அடைத்த பீப்பாயும் கூடவே கூடாது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் விறகுக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலம், அமெரிக்கர் இறைச்சி புகையிடும் மெஸ்கீட் மரத்தின் இனமே. நெடி அதிகம் என்பதால் கொய்யா விறகோடு கலப்பது நல்லது. முந்திரித்தோட்டின் எண்ணெய்ப் புகை எரிச்சலூட்டும், உணவுக்கு ஆகாது. பச்சை விறகு அடர்ந்த வெண்புகை விட்டுக் கறியைக் கசக்கவைக்கும்.

புகைபோக்கியைத் திறந்தே வைத்து, காற்றுவாயால் 110–130 டிகிரி செல்சியஸில் சூட்டை நிறுத்தலாம். கோழிக்கறியின் உட்சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும்.