விசைப்பலகைக் குவியத்தைக் கையாளுதல்

தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் – க.பொ.த. (சாதாரண தரம்)
செய்நிரலாக்கம்: மேலதிகப் பாடம்

அறிமுகம்

கணினித் திரையில் புள்ளிகளைப் பதியும் படிவம் ஒன்று உள்ளது எனக் கொள்க. சுட்டெண், பெயர், புள்ளி என மூன்று பெட்டிகளும், அவற்றின் கீழே சேமி, நீக்கு, மூடு என மூன்று பொத்தான்களும் அதில் உள்ளன. ஆனால் விசைப்பலகை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் 7 என்னும் விசையை அழுத்தினால் அந்த இலக்கம் எந்தப் பெட்டியைச் சென்றடைய வேண்டும்? இவ்வினாவுக்கான விடையே இப்பாடத்தின் பொருளாகும்.

குவிவு வில்லையொன்று சமாந்தர ஒளிக்கதிர்களை ஒரு புள்ளியில் ஒருங்கச் செய்யும் எனவும், அப்புள்ளி குவியம் எனப்படும் எனவும் விஞ்ஞான பாடத்தில் கற்றுள்ளீர்கள். அதுபோன்று விசை அழுத்தங்கள் யாவும் திரையில் உள்ள ஓர் உறுப்பையே சென்றடைகின்றன. அந்நிலையில் அவ்வுறுப்பு விசைப்பலகைக் குவியத்தைப் பெற்றுள்ளது என்பர்.

1. குவியத்தின் இயல்புகள்

(அ) ஒரு நேரத்தில் ஓர் உறுப்பு மாத்திரமே குவியத்தைப் பெற்றிருக்க முடியும்.
(ஆ) பெட்டியில் குவியம் இருப்பின் நிலைகாட்டி மின்னும். பொத்தானில் இருப்பின் அதனைச் சூழப் பெரும்பாலும் புள்ளிக்கோடு தோன்றும்.
(இ) தெரியாத உறுப்போ, இயங்காதவாறு முடக்கப்பட்ட உறுப்போ குவியத்தைப் பெறாது. பெட்டியின் அருகே பெயரைக் காட்டும் லேபலும் குவியத்தைப் பெறுவதில்லை.

குவியம் மாறும் வழிகள் ஐந்து:

1. சுட்டியால் ஓர் உறுப்பைச் சொடுக்குதல்.
2. ரப் விசையால் முன்னோக்கியோ, சிப்ற் விசையுடன் ரப் விசையை அழுத்திப் பின்னோக்கியோ செல்லுதல்.
3. ஓல்ற் விசையுடன் அடிக்கோடிட்ட எழுத்தை அழுத்துதல்.
4. செய்நிரலின் கட்டளை.
5. பயனர் கேளாமலே நிகழும் மாற்றம். செய்திப் பெட்டி திறத்தல், வேறு சாளரம் முன்னே வருதல், குவியம் பெற்ற உறுப்பு முடக்கப்படுதல் என்பன இதற்கு உதாரணங்கள்.

முதல் மூன்றும் பயனரின் விருப்பத்தால் நிகழ்வன. செய்நிரலர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியவை கடைசி இரண்டுமாகும்.

2. ரப் ஒழுங்கு

விசுவல் பேசிக் டொட் நெற் மொழியில் விண்டோஸ் போம்ஸ் முறையில் படிவங்களை அமைக்கும்போது ஒவ்வோர் உறுப்புக்கும் ரப் இன்டெக்ஸ் என்னும் இயல்பு உண்டு. இதன் பெறுமானம் 0 இலிருந்து தொடங்கும். ரப் விசையை அழுத்த, குவியம் இப்பெறுமானத்தின் ஏறுவரிசையில் செல்லும். ரப் ஸ்ரொப் என்னும் இயல்பைப் பொய் ஆக்கினால் ரப் விசை அவ்வுறுப்பைத் தாண்டிச் செல்லும்.

உறுப்புகளைப் படிவத்தில் வைத்த ஒழுங்கிலேயே இவ்விலக்கங்கள் வழங்கப்படுகின்றன. பின்னர் இடையில் புதிய பெட்டியொன்றைச் சேர்த்தால் அது கடைசி இலக்கத்தைப் பெறும். இதனைத் திருத்த மறந்தால், சுட்டெண்ணிலிருந்து குவியம் பொத்தான்களுக்குச் சென்ற பின்னரே புதிய பெட்டியை அடையும். எனவே படிவத்தை முடித்ததும் சுட்டியைத் தொடாமல் ரப் விசையால் மட்டும் ஒரு முறை சுற்றிப் பார்க்க.

கவனிக்க: லேபலில் அடிக்கோடிட்ட எழுத்து இருப்பின், ஓல்ற் விசையுடன் அதை அழுத்த, ரப் ஒழுங்கில் லேபலுக்கு அடுத்துள்ள உறுப்பு குவியத்தைப் பெறும். ஆகவே லேபலின் இலக்கம் அதற்குரிய பெட்டியின் இலக்கத்துக்குச் சற்று முன்னதாக இருத்தல் வேண்டும்.

3. குவியம் மாறும்போது எழும் நிகழ்வுகள்

சுட்டெண் பெட்டியிலிருந்து ரப் விசையால் பெயர்ப் பெட்டிக்குச் செல்கின்றீர்கள். அப்போது பின்வரும் நிகழ்வுகள் முறையே எழும்:

1. சுட்டெண் பெட்டியில் லீவ் – வெளியேறுதல்
2. சுட்டெண் பெட்டியில் வலிடேற்றிங் – பெறுமானத்தைச் சோதித்தல்
3. சுட்டெண் பெட்டியில் வலிடேற்றட் – சோதனை நிறைவுறல்
4. பெயர்ப் பெட்டியில் என்ரர் – உட்புகுதல்

இரண்டாம் நிகழ்வில் கான்சல் என்னும் இயல்பை உண்மை ஆக்கினால் குவியம் பழைய பெட்டியிலேயே நிற்கும்.

4. முடிவிலாத் தடம்

புதிதாகச் செய்நிரல் எழுதுவோர் பலர் பெட்டி குவியத்தை இழக்கும் நிகழ்விலேயே சோதனையை எழுதுகின்றனர். போலிக் குறிமுறை வருமாறு:

சுட்டெண் குவியம் இழக்கும்போது
    சுட்டெண் வெற்று ஆயின்
        செய்தி காட்டு
        குவியத்தைச் சுட்டெண்ணுக்கு மாற்று
முடிவு

புள்ளிப் பெட்டிக்கும் இதே குறிமுறை எழுதப்பட்டுள்ளது எனவும், இரண்டு பெட்டிகளும் வெறுமையாக உள்ளன எனவும் கொள்க. பயனர் சுட்டெண்ணிலிருந்து புள்ளிக்குச் செல்ல முயல்கின்றார்.

படி 1: குவியம் புள்ளிக்குச் செல்கின்றது, சுட்டெண் குவியத்தை இழக்கின்றது.
படி 2: சுட்டெண்ணின் செய்தி தோன்றுகின்றது, குவியம் சுட்டெண்ணுக்குத் திருப்பப்படுகின்றது.
படி 3: இதனால் புள்ளி குவியத்தை இழக்கின்றது. அதுவும் வெற்று. அதன் செய்தி தோன்றுகின்றது. குவியம் புள்ளிக்குத் திருப்பப்படுகின்றது.
படி 4: இதனால் சுட்டெண் மீண்டும் குவியத்தை இழக்கின்றது. படி 2 இற்குச் செல்க.

இத்தடத்துக்கு முடிவில்லை. பயனர் எத்தனை முறை "சரி" என்பதை அழுத்தினாலும் செய்திகள் மாறி மாறித் தோன்றிக்கொண்டேயிருக்கும். ஈற்றில் செய்நிரலை வலிந்து நிறுத்த நேரிடும். அதுவரை சேமியாத தரவுகள் அனைத்தும் இழக்கப்படும்.

விதி: குவியம் மாறிக்கொண்டிருக்கும்போது எழும் நிகழ்வுகளுக்குள் குவியத்தை மாற்றும் கட்டளையை எழுதலாகாது.

5. சரியான முறை

(அ) தனிப் பெட்டியின் பெறுமானத்தை வலிடேற்றிங் நிகழ்வில் சோதிக்க. குவியத்தை நீங்களே நகர்த்த வேண்டாம். கான்சல் இயல்பை உண்மை ஆக்குதல் போதுமானது.

புள்ளி வலிடேற்றிங் நிகழ்வில்
    புள்ளி < 0 அல்லது புள்ளி > 100 ஆயின்
        பிழைக்குறி காட்டு
        கான்சல் = உண்மை
    அன்றேல்
        பிழைக்குறி நீக்கு
முடிவு

75 இற்குப் பதிலாக 750 எனத் தட்டச்சிட்டால் இங்கேயே அது தடுக்கப்படும். பிழையைக் காட்டச் செய்திப் பெட்டிக்குப் பதிலாக எரர் புரொவைடர் என்னும் உறுப்பைப் பயன்படுத்தலாம். இது பெட்டியின் அருகே சிறு சிவப்புக் குறியைக் காட்டும், குவியத்தைப் பறிக்காது.

(ஆ) மூடு பொத்தானின் கோசஸ் வலிடேசன் என்னும் இயல்பைப் பொய் ஆக்குக. இன்றேல் பிழையான பெறுமானம் உள்ளவரை பயனர் அப்பொத்தானை அடைய முடியாது. படிவம் மூடப்படும் வேளையிலும் சோதனை நடைபெற்று மூடுதலைத் தடுக்கக் கூடும். ஆதலால் போம் குளோசிங் நிகழ்வில் கான்சல் இயல்பைப் பொய் ஆக்குக.

(இ) பயனர் ஒரு பெட்டிக்குள் செல்லவே இல்லையாயின் அதன் வலிடேற்றிங் நிகழ்வு எழாது. ஆகவே சேமி பொத்தானின் சொடுக்கு நிகழ்வில் எல்லாப் பெட்டிகளையும் மீண்டும் சோதித்து, பிழையுள்ள முதலாவது பெட்டிக்குக் குவியத்தை மாற்றுக. இங்கு குவிய மாற்றம் முடிவுற்றிருப்பதால் அக்கட்டளை பாதுகாப்பானது.

(ஈ) படிவம் திறந்தவுடன் முதற் பெட்டி குவியம் பெற வேண்டுமாயின் அக்கட்டளையை லோட் நிகழ்வில் எழுதுவதால் பயனில்லை. அப்போது படிவம் இன்னும் திரையில் தெரியவில்லை. தெரியாத உறுப்பு குவியம் பெறாது என்பதை நினைவுகூர்க. சோன் நிகழ்வில் எழுதுக. அல்லது அப்பெட்டியை அக்ரிவ் கொன்றோல் என்னும் இயல்புக்கு ஒப்படைக்க.

6. திரையைக் காணாத பயனர்

பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் திரை வாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையுடன் கணினியைப் பயன்படுத்துகின்றார். 2006 இல் அவுஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கப்பட்ட என்விடிஏ அத்தகைய இலவச மென்பொருளாகும். குவியம் எங்கு செல்கின்றதோ அவ்வுறுப்பின் பெயரை அது ஒலி வடிவில் கூறும். சுட்டியின் அம்புக்குறியைக் காணாத அவருக்குக் குவியமே வழிகாட்டி. குவியம் காரணமின்றித் தாவினால் அவர் வழி தவறுவார். ஒரு பெட்டிக்குள் சிக்கினால் வெளியேற வழியின்றி நிற்பார். 2008 இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.0 ஆம் பதிப்பு இத்தகைய விசைப்பலகைப் பொறி இருத்தலாகாது என விதித்துள்ளது. அது இணையப் பக்கங்களுக்கென எழுதப்பட்டதாயினும் உங்கள் படிவத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

பயிற்சி

வினா 1. லேபல் ஒன்றின் ரப் இன்டெக்ஸ் இலக்கம் கவனிக்கப்பட வேண்டியதற்கான காரணம் யாது?

வினா 2. ஒரு கடையின் இருப்புப் படிவத்தில் ரப் ஒழுங்கின்படி சேமி பொத்தானுக்கு அடுத்து நீக்கு பொத்தான் உள்ளது. சேமி அழுத்தப்பட்டதும் செய்நிரல் அதனை முடக்கிவிடுகின்றது. எழுதுவினைஞர் இடைவெளி விசையைத் தவறுதலாக இரு முறை அழுத்துகின்றார். சேமித்த பதிவு உடனே அழிந்துவிடுகின்றது. (அ) காரணத்தை விளக்குக. (ஆ) இரண்டு பரிகாரங்கள் தருக.

மாதிரி விடைகள்

வினா 1. லேபல் குவியத்தைப் பெறாது. எனினும் அதன் அடிக்கோடிட்ட எழுத்தை ஓல்ற் விசையுடன் அழுத்தும்போது ஒழுங்கில் அதற்கு அடுத்துள்ள உறுப்பு குவியம் பெறும். இலக்கம் பிழைத்தால் குவியம் வேறு பெட்டிக்குச் செல்லும்.

வினா 2. (அ) முதல் அழுத்தம் சேமி பொத்தானை இயக்கியது. குவியம் பெற்றிருந்த அப்பொத்தான் முடக்கப்பட்டதால், குவியம் ரப் ஒழுங்கில் அடுத்துள்ள நீக்கு பொத்தானுக்குத் தானாகச் சென்றது. இரண்டாம் அழுத்தம் அதனை இயக்கியது.
(ஆ) 1. சேமி பொத்தானை முடக்குவதற்கு முன்னர் குவியத்தை முதலாவது பெட்டிக்கு மாற்றுதல். 2. நீக்குவதற்கு முன் உறுதிப்படுத்தல் கேட்டு, அச்செய்திப் பெட்டியில் "இல்லை" என்பதை இயல்பான பொத்தானாக அமைத்தல்.

பரீட்சைக் குறிப்பு: இத்தகைய வினாக்களில் "குவியம் மாறியது" என்று மட்டும் எழுதுதல் போதாது. எந்த உறுப்பிலிருந்து, எந்த உறுப்புக்கு, எதனால் மாறியது என மூன்றையும் எழுதுக.