ஒரு பால்மரம் சொல்லும் பாடம்

"நாம ஏன் மலாயாவுக்கு வந்தோம்?" இளையோர் வகுப்பில் இதைக் கேட்டால், "பொழைக்க வந்தோம்" என்ற பதில்தான் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பால்மரத்திடம் கேட்போம்.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். பிறகு மோட்டார் கார் பெருகியது. டயருக்கு ரப்பர் வேண்டும்.

நிலம் மலாயாவில், முதல் லண்டனில். ஆளுக்கு எங்கே போவது? அதே ஆட்சியின்கீழ் இருந்த சென்னை மாகாணத்தில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களை விரட்டிக்கொண்டிருந்தன. முதலில் ஒப்பந்தக் கூலி முறை வந்தது. அது 1910-இல் நின்றபோது கங்காணி முறை ஓங்கியிருந்தது. கங்காணி தன் ஊருக்கே போய், சொந்தபந்தத்தையே கூட்டி வந்தார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது.

இது நம்ம கதை மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவில், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொங்கோவில், ரப்பருக்காகக் கட்டாய வேலை வாங்கினார்கள். மறுத்த ஊர்களில் படையினர் மக்களைக் கொன்றார்கள், கைகளை வெட்டினார்கள். பிரேசிலோ தன் மரத்தாலேயே தன் வணிகத்தை இழந்தது. ரப்பர் என்ற ஒரே பொருள், மூன்று கண்டங்களில் அதன் தழும்பு.

அப்போ, வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போகலாமா? கூடாது. ஆள் பிடித்தவர் நம்மவர். ஊரில் நிலமும் மரியாதையும் தராமல் துரத்தியவர்களும் நம்மவர்களே. இதையும் சொல்லிக்கொடுத்தால்தான் வரலாறு; இல்லையென்றால் வெறும் கோபம்.

இன்னொன்று: யாராவது "வந்தேறி" என்று சொன்னால் தலைகுனிய வேண்டாம். நம்ம தாத்தா பாட்டி யார் சோற்றையும் பிடுங்கித் தின்ன வரவில்லை. காடழித்து, பால் வெட்டி, லயத்துப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலையும் எழுப்பியவர்கள் அவர்கள்.

கலந்து பேச:
1. கங்காணி குற்றவாளியா, அவரும் அந்த முறையில் சிக்கியவரா?
2. இன்று ஏஜெண்டுக்குக் கடன்பட்டு இங்கே வரும் வெளிநாட்டுத் தொழிலாளரை நாம எப்படி நடத்துகிறோம்?

வீட்டு வேலை: பாட்டியிடம் பழைய எஸ்டேட்டின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். தள்ளிப் போடாதீர்கள்.