சி ஃபங்ஷனை ஜிஹெச்சி எப்படிப் பார்க்கிறது?

கேள்வி: ஹாஸ்கெலிலிருந்து சி மொழியின் 'சைன்' ஃபங்ஷனை அழைத்தால், கம்பைலர் உள்ளே அதை எப்படி வைத்துக்கொள்கிறது?
– வாசகர், மண்ணரை, திருப்பூர்

பதில்: ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி தன் 'கோர்' இடைமொழியில் அதையும் ஒரு சாதாரணப் பெயராகத்தான் வைக்கிறது. ஆனால் சாயப்பட்டறைக்குப் போகும் துணியோடு சலான் போவதுபோல, பெயரோடு விவரம் ஒட்டியிருக்கும்: சி-யில் என்ன பெயர், எந்த அழைப்பு முறை, சேஃபா, அன்சேஃபா.

சி-க்கு ஹாஸ்கெலின் சோம்பல் மதிப்பீடு தெரியாது. அதனால் ஜிஹெச்சி டபுளை முழுதாகக் கணக்கிட்டு, பெட்டியைப் பிரித்து, வெறும் எண்ணை மட்டுமே தருகிறது. கூடவே 'ஸ்டேட்' டோக்கன் ஒன்றும் கைமாறும். மெஷின் கோடில் அதற்கு ஒரு பைட்கூடச் செலவில்லை. ஐஓ அழைப்புகளின் வரிசையைக் காப்பது அதுதான். அற்புதமான ஏற்பாடு!

சேஃப் அழைப்பானால், பின்னர் சிஎம்எம் என்ற கீழ்நிலை இடைமொழிக் கட்டத்தில் முன்னால் 'சஸ்பெண்ட்த்ரெட்', பின்னால் 'ரெஸ்யூம்த்ரெட்' சேரும். சைனுக்கு அன்சேஃபே போதும். சி திரும்ப ஹாஸ்கெலை அழைக்குமானால் சேஃப் கட்டாயம்.