அடைத்த கதவும் ஆற்றுப்படையும்

மயிலமும் திண்டிவனமும் அடங்கிய நிலப்பகுதி சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்டது. அதன் தலைவன் நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியதே சிறுபாணாற்றுப்படை. வள்ளலின் கொடைச் சிறப்புக்காகவே அந்நூலைப் பயில்கிறோம். சோர்ந்த உள்ளத்தைத் தேற்றும் முறையும் அதனுள் உண்டு.

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடிய மற்றொரு பாணனை வழியில் காண்கிறான். வெற்று அறிவுரை கூறாமல், தன் வீட்டின் பழைய நிலையை ஒளிக்காது உரைக்கிறான். அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் குரைத்தது. மனையவள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்டாள். அக்கதவை அவனே திறந்து காட்டுவதால் அவன் சொல் நம்பத்தக்கதாகிறது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்தோறும் கிடைக்கும் உணவையும் சொல்கிறான். ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவையாம்! நெடுவழி மலைப்பைத் தரும். அடுத்த ஊரின் சோறு காலை எடுத்து வைக்கச் செய்யும்.

தேர்வில் தவறிய மாணவர் நாணி அறைக்கதவை அடைப்பதை விடுதிகளில் காண்கிறோம். 'உன்னால் முடியும்' என்னும் வகை நூல்கள் கடைகளில் குவிந்துள்ளன. அவற்றால் விளையும் பயன் சிறிதே என்பது எம் கருத்து. ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் தாம் தவறிய பாடம் எது, மறுதேர்வுக்கு முதலில் எப்பகுதியை எடுத்துப் படித்தனர் என்பதை அம்மாணவரிடம் கூறலாமே.