பந்தயக் குதிரை

ஸ்குவாண்டரர் ஒரு பந்தயக் குதிரை. 1977இல் பம்பாயில் இந்தியன் டெர்பி பந்தயத்தில் ஜெயித்தது. தூரம் 2,400 மீட்டர். மொத்தம் 19 முறை ஓடியது. 18 முறை முதலில் வந்தது. பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? ஊதாரி! குதிரை ஊதாரி அல்ல. பந்தயத்தில் பணம் கட்டி வீட்டுப் பாத்திரத்தையும் விற்றவர்தான் ஊதாரி.

நன்றாக ஓடிய ஆண் குதிரையைப் பிறகு இனவிருத்திக்காகப் பண்ணையில் வைப்பார்கள். சித்தூரிலும் மறையூரிலும் நாம் பசுவுக்குச் சினை ஊசி போடுகிறோம். பந்தயக் குதிரைக்கு அது கூடாது. ஊசி போட்டுப் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். பதிவு இல்லாவிட்டால் பந்தயமும் இல்லை. ஆகவே பெட்டைக் குதிரையை ஆண் குதிரை இருக்கும் பண்ணைக்கே கொண்டு போகிறார்கள். சினைக் காலம் 11 மாதம். பெரும்பாலும் ஒரே குட்டிதான். குட்டி இரண்டு வயதில் ஓடத் தொடங்கும்.