சங்கு ஊதினால் நரி ஊளையிடும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது, எங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து பதில் வரும். முதலில் ஒற்றைக் குரல். அது முடியும் முன்னே இன்னொன்று. பிறகு குட்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஏழு வருஷத்துக்கு முன்னால் நகரத்து வாடகை வீட்டை விட்டு, கவரைப்பேட்டைக்கு மேற்கே தாத்தாவின் இரண்டரை ஏக்கருக்குக் குடிவந்த முதல் வாரம், அந்த ஊளையைக் கேட்டு என் மனைவி கதவைத் தாழ் போட்டாள். இப்போது என் மகள் எத்தனை குரல் என்று விரல்விட்டு எண்ணுகிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

வந்த இரண்டாம் மாதமே ஒரே ராத்திரியில் ஒன்பது கோழி போயிற்று. கூண்டைச் சுற்றி இறகு, ரத்தம், தின்னாமல் கிடந்த கோழிகள். "நரியை ஒழிக்காமல் விடமாட்டேன்" என்று நின்றேன். வயலில் எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர் ஒருவர் ஈர மண்ணைக் குனிந்து பார்த்தார். "இது நரி இல்ல தம்பி, நாய்" என்றார். நரி பெரும்பாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு புதருக்குப் போய்விடும், இப்படிக் கடித்துக் கடித்துப் போட்டுவிட்டுப் போவது நாய்க்கூட்டம் என்றார். தடத்தையும் காட்டினார். நாயின் தடம் அகலமாக, மோந்து மோந்து சுற்றியலைந்திருந்தது. வரப்போரம் பழைய நரித்தடம் ஒன்று இருந்தது. அது ஒடுங்கலாக, கயிறு பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. அன்று அவர் வராமல் இருந்தால், செய்யாத குற்றத்துக்கு நான் நரியைத் தண்டித்திருப்பேன். இழப்பு நேர்ந்தால் கோபப்படும் முன் தரையைப் பாருங்கள். இது நான் கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடத்துக்கு விலை ஒரு ஆட்டுக்குட்டி. அதை எடுத்தது நரிதான். ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பு, ஆடு ஈன்ற நஞ்சுக்கொடியை வேலிக்காத்தான் புதரில் வீசியவன் நான். செத்த கோழியையும் மீன் கழிவையும் அங்கேதான் போட்டுவந்தேன். வாசம் பிடித்து வந்த நரி நாலு நாள் தின்றது. ஐந்தாம் நாள் புதரில் ஒன்றும் இல்லை, பத்தடி தள்ளிக் குட்டி படுத்திருந்தது. வழியைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது.

செத்தது எதுவானாலும், நஞ்சுக்கொடியானாலும், மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறோம். கோழிக்கழிவையும் கேன்டீன் மிச்சத்தையும் ரோட்டோரம் கொட்டிப்போகும் வண்டிகளைப் பற்றி ஊராட்சியில் எழுதிக் கொடுத்தோம். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. தெருவே சேர வேண்டும்.

கூண்டுக்கு மெல்லிய கோழிவலை போதாது, நரி கடித்து இழுத்துவிடும். கெட்டியான வெல்டு மெஷ் அடித்து, அதை ஓரடி மண்ணுக்குள்ளும் இறக்கி, மேலே கல் பரப்பினோம். நரி தோண்டத் தெரிந்த பிராணி. பொழுது சாயும் முன்பே கோழி உள்ளே போய்விட வேண்டும். ஆட்டுக்குட்டிகளுக்கு ராத்திரியில் கூரையும் கதவும் உள்ள பட்டி.

நிலக்கடலையும் தர்ப்பூசணியும் போட்டால் நரி கொஞ்சம் தின்னத்தான் செய்யும். பழுத்ததை ஒருநாளும் தாமதிக்காமல் பறித்துவிடுகிறோம். அந்தி நேரத்தில் ஒரு சுற்று நடந்து தகரத்தைத் தட்டுவோம். எதிரே வந்து நின்றால் ஓடக்கூடாது. நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, சத்தம் போட வேண்டும். எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்கு அது சீக்கிரம் பழகிவிடும், மனிதக் குரலுக்கு அவ்வளவு எளிதில் பழகாது. பாவமென்று சோறு வைக்கவே கூடாது. நம்மைப் பார்த்தால் அது ஒதுங்க வேண்டும். அந்தப் பயம்தான் அதற்கும் நமக்கும் காப்பு.

நாய் வளர்ப்பவர்கள் தவறவே கூடாத காரியம் ஒன்று உண்டு. வருஷம் தவறாமல் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். நாய்க்கு வரும் நோய் நரிக்கும், நரிக்கு வரும் நோய் நாய்க்கும் தாவும். நரியைப் பகலில் பார்ப்பதாலேயே அதற்கு வெறி பிடித்தது என்று அர்த்தமில்லை. குட்டி இருந்தால் பகலிலும் இரை தேடும். ஆனால் பயமில்லாமல் நெருங்கி வந்தால், தள்ளாடினால், கண்டதைக் கடித்தால் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கடிபட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அந்த நிமிஷமே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காட்டுவிலங்குக் கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு ஏறக்குறைய மருந்தே கிடையாது.

கண்ணி, விஷம், இரைக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய், கரன்ட் வேலி எதுவும் வேண்டாம். 2020-ல் திருச்சி அருகே இறைச்சிக்குள் வெடி வைத்து நரியைக் கொன்றதற்காகப் பன்னிரண்டு பேர் கைதானார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நரி முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள். வெடியும் கரன்டும் ஆளைப் பார்த்து வராது, புல்லறுக்கப் போகும் நம் வீட்டுப் பெண்ணும் மிதிக்கலாம். கொம்புக்காகக் கொல்வதும் வீண், நரிக்கொம்பு என்று விற்பது ஏமாற்று. நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை.

கொல்வதால் பிரச்சினையும் தீராது. நரி ஜோடியாக வாழ்வது. தனக்கென்று ஒரு எல்லை வைத்து, வெளி நரியை உள்ளே விடாது. பழகிய ஜோடியைக் கொன்றால் காலியான இடத்துக்கு நம்மை அறியாத நரி வரும். அமெரிக்காவில் கயோட்டி என்று நரியின் சொந்தக்காரன் உண்டு. சிகாகோ நகரத்தைச் சுற்றி 2000-லிருந்து அவற்றைக் கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்கிறார்கள். பெரும்பாலானவை மனிதர் கண்ணிலேயே படாமல் எலி தின்று வாழ்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். எங்கள் வரப்பிலும் அதுதான் நடக்கிறது. நரி எச்சத்தில் எலி மயிரும் இலந்தைக் கொட்டையும் பனம்பழ நாரும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வரப்பு எலிக்கு விஷம் வைப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். விஷம் தின்ற எலியைத் தின்றால் நரியும் சாகும், ஆந்தையும் சாகும்.

எங்கள் வட்டாரத்தில் தேர்வாய் கண்டிகை வரை தொழிற்பேட்டை வந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலையில் லாரி அடித்துக் கிடக்கும் நரியை விடியற்காலையில் பார்க்கிறேன். போன வருஷம் ஏரிக்கரைப் புதரை ஜேசிபி வைத்து அழிக்க வந்தபோது, கரையில் வளை இருப்பதையும் உள்ளே குட்டி இருப்பதையும் காட்டினேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். குட்டிகள் வளர்ந்து தாமாகவே வெளியேறின. கேட்க ஆள் இருந்தால் இவ்வளவாவது நடக்கும்.

இன்றைக்கும் சங்கு ஊதியது, கரையிலிருந்து ஊளை வந்தது. மகள் "நாலுப்பா" என்றாள். நான் எழுந்துபோய்க் கூண்டின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். நரி ஊரில் இருக்கிறது என்று அதுவே தினமும் சொல்லிவிடுகிறது. தாழ்ப்பாள் போடுவது நம் வேலை.